டேட்டாபேஸ் கரப்ட் ஆனால்: அறிகுறியைப் பார்த்து வழி பிடிப்பது எப்படி

டேட்டா கெட்டுப்போனால் டேட்டாபேஸ் மென்பொருள் இரண்டில் ஒன்றைச் செய்யும். சத்தம் போட்டு நின்றுவிடும், இல்லையென்றால் சமாளித்துக்கொண்டு ஓடும். முதல் வகை நடு ராத்திரியில் உங்களை எழுப்பும். இரண்டாவது வகை ஆறு மாதம் கழித்துக் கணக்கு உதைக்கும்போதுதான் தெரியவரும், அதற்குள் பேக்கப்புகளிலும் அதே கெட்ட டேட்டா ஏறியிருக்கும். சத்தம் போடுவதே மேல் என்பது என் கட்சி. சமாளிப்பது நியாயம் என்று நான் ஒப்புக்கொள்கிற ஒரே இடம் மூன்றாவது அறிகுறியில் வருகிறது.

எதையும் தொடுவதற்கு முன்

சர்வீஸை நிறுத்துங்கள். டேட்டா டைரக்டரி முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். லாக் ஃபைல், ஜர்னல் ஃபைல், பெயரே புரியாத ஃபைல் என்று எதையும் விடாதீர்கள். ரிப்பேர் கமாண்டுகளில் பல, கெட்ட பகுதியைத் தூக்கி எறிந்துதான் "சரி" செய்கின்றன. தப்பாகப் போனால் திரும்பி வர அந்த நகல்தான் வழி.

கர்னல் லாக்கில் ஐ/ஓ எர்ரர் இருக்கிறதா, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பெண்டிங் செக்டர் (படிக்கத் திணறும் பகுதி) எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சாதாரண காப்பி கமாண்டை விட ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ நல்லது. அது படிக்க முடியாத இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போய், நல்ல பகுதியை முதலில் எடுத்துவிடும்.

அப்புறம் ரெப்ளிகா, அதாவது பிரைமரி என்ற முதன்மை சர்வரைப் பின்தொடர்ந்து ஓடும் நகல் சர்வர். போஸ்ட்கிரஸ் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷனில் பொதுவாகப் போவது மாற்றங்களின் லாக். பிரைமரியின் டிஸ்க்கில் கெட்டுப்போன பேஜ் (டேட்டா ஃபைலைப் பிரித்து வைக்கும் ஒரே அளவுத் துண்டு) அப்படியே ரெப்ளிகாவுக்குப் போவதில்லை. பல நேரம் ரெப்ளிகாவில் அந்த டேபிள் சுத்தமாக இருக்கும். அதை பிரைமரி ஆக்கினால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. ரிப்பேரில் இறங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 1: ஒரு குறிப்பிட்ட டேபிளைத் தொட்டால் மட்டும் எர்ரர்

போஸ்ட்கிரஸில் இது "இன்வேலிட் பேஜ் இன் பிளாக்" என்று ஒரு எண்ணோடு வரும். செக்சம் (பேஜின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வைக்கும் சரிபார்ப்பு எண்) இயக்கத்தில் இருந்தால் அதற்கு முன்னால் "பேஜ் வெரிஃபிகேஷன் ஃபெயில்டு" என்ற எச்சரிக்கையும், கணக்கிட்ட செக்சம் எது, இருந்திருக்க வேண்டியது எது என்ற இரண்டு எண்களும் வரும். மற்ற டேபிள்கள் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். நான் விரும்புகிற நடத்தை இதுதான்: கெட்ட 8 கேபி பேஜைக் கேட்டவருக்கு மட்டும் 'முடியாது' என்று சொல்கிறது, ஊரையே நிறுத்தவில்லை.

செய்தியில் வரும் ஃபைல் பெயரை வைத்து அது டேபிளா, தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸா என்று முதலில் கண்டுபிடியுங்கள். இன்டெக்ஸ் என்றால் நல்ல நேரம். ரீஇன்டெக்ஸ் போட்டால் டேபிளிலிருந்து புதிதாகக் கட்டிவிடும். டேட்டா ஒன்றும் போகாது.

டேபிள் என்றால்தான் வேலை. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஜீரோ_டேமேஜ்டு_பேஜஸ் என்ற செட்டிங். அதை ஆன் செய்தால் எர்ரர் மறையும். ஏனென்றால் கெட்ட பேஜை மெமரியில் முழுக்கப் பூஜ்யமாக்கிவிட்டு, அங்கே வரிசைகளே இல்லை என்பது போல போஸ்ட்கிரஸ் தொடர்கிறது. ஒரே ஒரு பிட் புரண்டிருந்தாலும் அந்தப் பேஜில் இருந்த எல்லா வரிசைகளும் போய்விடும். அதனால் அதற்கு முன் இக்னோர்_செக்சம்_ஃபெயிலியர் என்பதை முயலுங்கள், நகலில் மட்டும். பேஜின் தலைப்பகுதி ஒழுங்காக இருந்தால், செக்சம் தப்பாக இருந்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க விடும். அந்த பிளாக்கின் வரிசைகளை சிடிஐடி (வரிசையின் இருப்பிட எண்) வைத்து ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணால் பார்த்து, வேறு டேபிளில் போட்டுக்கொள்ளலாம். கெட்ட பேஜைப் படித்து சர்வர் கிராஷ் ஆகவும் வாய்ப்புண்டு, அதனால்தான் நகலில் என்கிறேன். இதிலும் கிடைக்காததற்கு மட்டும் பூஜ்யமாக்கும் வழி.

அப்படிப் பூஜ்யமாக்கிய பேஜ் டிஸ்க்கில் எழுதப்படும் என்று உத்தரவாதம் இல்லை. செட்டிங்கை ஆஃப் செய்வதற்கு முன் டேபிளைப் புதிதாக உருவாக்கி டேட்டாவை அதற்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அதே எர்ரர் மறுபடி வந்து நிற்கும்.

இந்த எர்ரரே வராத நிலைமை இதைவிட மோசம். செக்சம் வசதி போஸ்ட்கிரஸ் 9.3-இலேயே, 2013-இல், வந்துவிட்டது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை வெகுகாலம் நீடித்தது. 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில்தான் புதிய கிளஸ்டர்களுக்கு (ஒரு சர்வர் நடத்தும் டேட்டாபேஸ்களின் தொகுப்பு) இயல்பாகவே ஆன் ஆனது. பழைய கிளஸ்டரை அப்படியே இழுத்துக்கொண்டு வருபவர்கள் ஷோ டேட்டா_செக்சம்ஸ் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஆஃப் என்றால், 12-ஆம் பதிப்பு முதல் பிஜி_செக்சம்ஸ் கருவியால், சர்வரை நிறுத்திவைத்து ஆன் செய்யலாம். அந்த நொடியில் டிஸ்க்கில் இருப்பதைத்தான் அது சரி என்று எடுத்துக்கொள்ளும். ஏற்கனவே கெட்டது கெட்டபடியே முத்திரை பெறும்.

அறிகுறி 2: சர்வரே செத்துச் செத்து எழுகிறது

மைஎஸ்க்யூஎலில் டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, 16 கேபி பேஜ் ஒன்றின் செக்சம் பொருந்தவில்லை என்றால் "டேட்டாபேஸ் பேஜ் கரப்ஷன் ஆன் டிஸ்க்" என்று லாக்கில் எழுதிவிட்டு, மொத்த சர்வரையும் வேண்டுமென்றே கீழே போடும். சர்வீஸைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் நிரல் அதை மறுபடி எழுப்பும். யாரோ அதே பேஜைக் கேட்பார்கள். மறுபடி விழும். ஒரு டேபிளின் ஒரு பேஜுக்காக நூறு டேபிள்களைப் பூட்டுவது அதிகம்தான். மைஎஸ்க்யூஎலிலிருந்து கிளைத்த மரியாடிபியின் குழுவும் அப்படியே நினைத்து, 2022-இல் 10.6 தொடரில் முடிந்தவரை கிராஷுக்குப் பதில் எர்ரர் திருப்பும்படி மாற்றினார்கள். நல்ல மாற்றம். சத்தம் குறையவில்லை, சேதத்தின் எல்லை மட்டும் குறுகியது.

மீட்க இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெக்கவரி செட்டிங் இருக்கிறது, 1 முதல் 6 வரை. எடுத்தவுடன் 6 போடச் சொல்லும் ஆலோசனைகளைப் புறக்கணியுங்கள். 1 என்றால் கெட்ட பேஜ் தெரிந்தாலும் சர்வர் விழாது. 2 பின்னணித் த்ரெட்களை நிறுத்தும். 3 முடியாத டிரான்சாக்ஷன்களை ரோல்பேக் செய்யாது. இதுவரை ஓரளவு பாதுகாப்பு. 4-இலிருந்து டேட்டா ஃபைல்களே நிரந்தரமாகக் கெடலாம் என்று மைஎஸ்க்யூஎல் ஆவணமே எச்சரிக்கிறது. 6, கிராஷுக்குப் பின் மாற்றங்களை மறுபடி ஓட்ட உதவும் ரீடூ லாக்கையே கண்டுகொள்ளாது. 1-இல் தொடங்கி, சர்வர் விழாமல் ஓடும் மிகக் குறைந்த எண்ணில் நிறுத்தி, டம்ப் எடுத்து (டேட்டாவைத் திரும்ப ஏற்றக்கூடிய ஃபைலாக வெளியே எழுதி), புதிய இன்ஸ்டன்ஸில் ஏற்றுங்கள். கெட்ட டேபிளைக் கடைசியாக டம்ப் செய்யுங்கள், மற்றதாவது முதலில் கைக்கு வரட்டும்.

போஸ்ட்கிரஸ் லாக்கில் "பேனிக்" என்று போட்டு, கூடவே எஃப்சிங்க் (எழுதியதை உண்மையிலேயே டிஸ்க்கில் இறக்கச் சொல்லும் அழைப்பு) என்ற வார்த்தையும் இருந்தால் கதை வேறு. அங்கே சர்வர் விழுந்ததுதான் உங்களைக் காப்பாற்றியது. 2018 வரை போஸ்ட்கிரஸ் எஃப்சிங்க் தோற்றால் அடுத்த செக்பாயிண்டில் (மெமரியில் இருக்கும் மாற்றங்களை டேட்டா ஃபைலில் இறக்கும் கட்டம்) மறுபடி முயலும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லினக்ஸ் கர்னல், டிஸ்க்கில் எழுதத் தவறிய பேஜை "எழுதியாகிவிட்டது" என்று குறித்துவிட்டு, தோல்வியைத் திரும்பத் திரும்பச் சொல்லாது. இரண்டாவது எஃப்சிங்க் வெற்றி என்று பதில் வரும். போஸ்ட்கிரஸ் அதை நம்பி செக்பாயிண்டை முடிக்கும், அந்த மாற்றம் இருந்த லாக்கை விட்டுவிடும். டேட்டா டிஸ்க்கிலும் இல்லை, லாக்கிலும் இல்லை, எர்ரரும் இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் கிரெய்க் ரிங்கர் இதைப் போஸ்ட்கிரஸ் டெவலப்பர்களிடம் எடுத்துவைத்தபோது பெரிய விவாதமே நடந்தது. 2019 பிப்ரவரி மைனர் ரிலீஸ்களில் (11.2, 10.7 முதலியவை) எஃப்சிங்க் ஒரு முறை தோற்றாலே பேனிக் என்று மாற்றினார்கள். விழுந்து எழுந்தால் கடைசி செக்பாயிண்டிலிருந்து லாக்கை மறுபடி ஓட்டும், மாற்றம் திரும்பக் கிடைக்கும்.

அதனால் இங்கே செய்ய வேண்டியது டிஸ்க்கையும், அதன் கேபிளையும், கிளவுட் என்றால் வால்யூமையும் சோதிப்பது. டேட்டா_சிங்க்_ரீட்ரை என்ற செட்டிங்கை ஆன் செய்து பேனிக்கை அடக்குவது, நெருப்பு அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைப்பது.

அறிகுறி 3: எர்ரர் எதுவும் இல்லை, ஆனால் கடைசியாக எழுதியவை காணோம்

மொபைல் ஆப், டெஸ்க்டாப் ஆப், சின்ன சர்வர் என்று ஆப்புக்குள்ளேயே ஓடும் சின்ன டேட்டாபேஸான எஸ்க்யூலைட் இருக்கும் இடங்களில் இதைப் பார்க்கலாம். கருவி திடீரென அணைந்தது, திரும்ப ஆன் செய்தால் ஆப் திறக்கிறது, கடைசிச் சில நிமிடங்களின் பதிவுகள் இல்லை. பிராக்மா இன்டெக்ரிட்டி_செக் ஓட்டினால் "ஓகே" என்கிறது.

டபிள்யூஏஎல் மோடில் (முதலில் லாக்கில் எழுதும் முறை) எஸ்க்யூலைட் மாற்றங்களைத் தனி லாக் ஃபைலில் ஃப்ரேம் ஃப்ரேமாக, பேஜுக்கு ஒரு ஃப்ரேம் என்று, எழுதும். இயல்பு நிலையில் சுமார் 1000 பேஜ் சேர்ந்ததும் மெயின் ஃபைலுக்கு மாற்றும். ஒவ்வொரு ஃப்ரேமின் செக்சமும் அதற்கு முந்தைய ஃப்ரேம்களையும் சேர்த்துக் கணக்கிட்டது. கிராஷுக்குப் பின் திறக்கும்போது தொடக்கத்திலிருந்து சரிபார்த்துக்கொண்டே வந்து, முதல் பொருந்தாத ஃப்ரேமில் "லாக் இத்தோடு முடிந்தது" என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கமிட் ஆன டிரான்சாக்ஷன்கள் இருந்தாலும் சரி, அத்தனையும் கழித்துக்கட்டப்படும். ஆப்புக்கு எர்ரர் எதுவும் போகாது.

எஸ்க்யூலைட் எழுதியவர்கள் சோம்பலில் இப்படிச் செய்யவில்லை. மின்சாரம் போனால் கடைசி ஃப்ரேம் பாதி எழுதியபடி நிற்பது சகஜம். அதற்கெல்லாம் "கரப்ட்" என்று கத்தினால், பேட்டரி தீர்ந்த ஒவ்வொரு போனிலும் ஆப் திறக்காது. நுனியில் பாதியாக நிற்பதைச் சத்தமில்லாமல் வெட்டுவது சரியான முடிவு. நான் சமாளிப்பை ஒப்புக்கொள்ளும் இடம் இது. சிக்கல் என்னவென்றால், நடுவில் ஒரு பிட் கெட்டாலும் இதே வழியில்தான் நடத்தப்படுகிறது. நுனி முறிந்ததா, நடுவில் ஓட்டையா என்று எஸ்க்யூலைட் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

நீங்களே பிரித்துப் பார்க்கலாம், ஓரளவுக்கு. ஒவ்வொரு ஃப்ரேம் ஹெடரிலும் இரண்டு சால்ட் எண்கள் இருக்கும், லாக் முதலிலிருந்து புதிதாகத் தொடங்கும்போது அவை மாறும். எஸ்க்யூலைட் மூலநிரல் தொகுப்பில் ஷோவால் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது; நகல் எடுத்த லாக்கை அதில் கொடுங்கள். கெட்ட ஃப்ரேமுக்குப் பின்னால் இருப்பவற்றில் பழைய சால்ட் இருந்தால் அவை முந்தைய சுற்றின் மிச்சம், கவலை வேண்டாம். நடப்புச் சால்ட்டோடு கமிட் ஃப்ரேம்கள் பின்னால் வரிசையாக இருந்தால், நடுவில் ஓட்டை என்று சந்தேகப்படுங்கள். பிராக்மா சிங்க்ரனஸ் ஃபுல் என்று இருந்தால் சந்தேகம் ஏறத்தாழ உறுதி. அதில் முந்தைய கமிட் டிஸ்க்குக்குப் போனபின்தான் அடுத்தது தொடங்கும், முன்னது பாதியாகவும் பின்னது முழுதாகவும் இருக்கக் காரணமில்லை. நார்மல் என்றால் ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க்கைக் காத்திருப்பதில்லை. ஃப்ரேம்கள் முன்பின்னாக இறங்கியிருக்கலாம், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

இனிமேலாவது தெரிய வேண்டுமென்றால் ஆப்பில் எஸ்க்யூலைட்டின் எர்ரர் லாக் கால்பேக்கை இணையுங்கள். லாக்கிலிருந்து எத்தனை ஃப்ரேம் மீட்டது என்று அதில் ஒரு வரி எழுதும். பலர் இதை இணைப்பதே இல்லை. மெயின் ஃபைலின் பேஜ்களுக்கு இயல்பாகச் செக்சமே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். வேண்டுமென்றால் செக்சம் விஎஃப்எஸ் என்ற நீட்சியைச் சேர்க்க வேண்டும், அது பேஜுக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது: யாரோ மெயின் ஃபைலை மட்டும் காப்பி செய்து, பக்கத்தில் இருந்த லாக் ஃபைலை விட்டுவிட்டார்கள். இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மெமரியில் ஓடும் டேட்டாபேஸான ரெடிஸ் இதே பிரச்சினையை இன்னும் நேர்மையாகக் கையாள்கிறது. எழுதும் கமாண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும் ஏஓஎஃப் ஃபைலின் நுனி முறிந்திருந்தால் லாக்கில் சொல்லிவிட்டு ஏற்றும் (ஏஓஎஃப்-லோட்-ட்ரங்கேட்டட், இயல்பில் ஆன்). நடுவில் கெட்டிருந்தால் எழவே மறுக்கும். அப்போது ரெடிஸ்-செக்-ஏஓஎஃப் கருவியை ஃபிக்ஸ் ஆப்ஷனோடு ஓட்டினால், கெட்ட இடத்திலிருந்து ஃபைல் முடியும் வரை எல்லாவற்றையும் வெட்டும். வெட்டுவதற்கு முன் எத்தனை பைட் குறையும் என்று காட்டிக் கேட்கும். அந்த எண்ணைப் படிக்காமல் ஒய் தட்டாதீர்கள்.

ராக்ஸ்டிபி (மற்ற மென்பொருள்களுக்குள் பதித்துப் பயன்படுத்தும் டேட்டாபேஸ்) முடிவை உங்கள் கையிலேயே விட்டுவிடுகிறது. லாக்கை மீட்க நான்கு வழிகள்: நுனி முறிவை மட்டும் மன்னிப்பது, எதையும் மன்னிக்காதது, கெட்ட இடத்துக்கு முந்தைய நிலையோடு நிறுத்துவது, கெட்டதைத் தாண்டி மீதியை எடுப்பது. மூன்றாவதுதான் இயல்பு. நான்காவது, எல்லாம் போய் ஏதாவது மிஞ்சினால் போதும் என்ற நிலைக்கு மட்டும்.

அறிகுறி 4: வரிசை இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

பெயரை வைத்துத் தேடினால் இல்லை என்கிறது, டேபிளை முழுக்கப் படித்தால் இருக்கிறது. அல்லது யூனிக் என்று சொன்ன நெடுவரிசையில் ஒரே மதிப்பு இரண்டு முறை. இது இன்டெக்ஸ் கெட்டதன் அடையாளம். டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் கேளுங்கள்: சமீபத்தில் ஓஎஸ் மாற்றினீர்களா? டேட்டா டைரக்டரியை வேறு சர்வருக்கு நகர்த்தினீர்களா?

லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 2018-இல் வந்த 2.28 பதிப்பில், எழுத்து வரிசைப்படுத்தும் விதிகளைப் பெரிய அளவில் மாற்றியது. டெபியன் 10, ரெட்ஹேட் 8 ஆகியவற்றில் அது வந்தது. போஸ்ட்கிரஸின் டெக்ஸ்ட் இன்டெக்ஸ்கள் பழைய வரிசையில் கட்டியவை, புதிய நூலகம் வேறு வரிசையில் தேடுகிறது. ஒரு சின்னச் சோதனை: யூஎஸ் ஆங்கில யூடிஎஃப்-8 லோகேலில் "1-1", "11" இரண்டையும் சார்ட் கமாண்டுக்குக் கொடுங்கள். பழையதில் 11 முதலில் வரும், புதியதில் 1-1 முதலில் வரும். ஒரு பேஜும் கெடவில்லை, எல்லாச் செக்சமும் பொருந்துகிறது, பதில் மட்டும் தப்பு.

இன்டெக்ஸ்களைச் சரிபார்க்கும் ஆம்செக் எக்ஸ்டென்ஷன் இதைப் பிடிக்கும். 14-ஆம் பதிப்பு முதல் பிஜி_ஆம்செக் என்று தனிக் கமாண்டாகவே கிடைக்கிறது. ஹீப்ஆல்இன்டெக்ஸ்டு ஆப்ஷனோடு ஓட்டினால், டேபிளில் இருக்கும் ஒவ்வொரு வரிசையும் இன்டெக்ஸில் இருக்கிறதா என்றும் பார்க்கும். போஸ்ட்கிரஸ் 14.0 முதல் 14.3 வரை ஓட்டியவர்களும் இதைச் செய்யுங்கள். அந்தப் பதிப்புகளில் கன்கரன்ட்லி முறையில் (எழுதுவதைத் தடுக்காமல்) கட்டிய இன்டெக்ஸில் வரிசைகள் விடுபடும் பிழை இருந்தது, 14.4-இல் சரிசெய்தார்கள். தீர்வு ரீஇன்டெக்ஸ்தான். யூனிக் இன்டெக்ஸில் இரட்டைப் பதிவு ஏற்கனவே நுழைந்திருந்தால் ரீஇன்டெக்ஸ் எர்ரர் கொடுத்து நிற்கும். எந்த வரிசை உண்மை என்று தெரிந்தவரைக் கேட்டு, மற்றதை நீக்கிவிட்டுத் தொடருங்கள்.

அறிகுறி 5: எல்லாம் ஓடுகிறது, லாக்கில் மட்டும் ஒரு வரி

எஸ்க்யூஎல் சர்வரில் 823, 824 என்ற எர்ரர்கள் எல்லோருக்கும் தெரியும், அவை க்வெரியையே வெட்டும். 825 அப்படியில்லை. ஒரு பேஜைப் படிக்க முடியாமல், மறுபடி முயன்று (நான்கு முறை வரை), கடைசியில் வெற்றி பெற்றால் வரும் செய்தி அது. தீவிரம் வெறும் 10, அதாவது "தகவலுக்காக". க்வெரி சரியான பதில் தரும், யாருக்கும் எதுவும் தெரியாது. டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல முன்னறிவிப்பு கிடைக்காது. அதைப் போய் இவ்வளவு மெல்லிய குரலில் சொல்வது எனக்குப் புரியாத புதிர். மூன்று எண்களுக்கும் அலர்ட் வையுங்கள்.

போஸ்ட்கிரஸில் அதற்கு இணை பிஜி_ஸ்டாட்_டேட்டாபேஸ் காட்சியில் இருக்கும் செக்சம்_ஃபெயிலியர்ஸ் எண்ணிக்கை. அது பூஜ்யத்தைத் தாண்டினாலே போன் அடிக்கட்டும்.

அறிகுறி 6: எழுத்து பாதியில் வெட்டு, அல்லது வெறும் கேள்விக்குறிகள்

டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய மைஎஸ்க்யூஎல் பொருந்தாத மதிப்பை வெட்டியோ மாற்றியோ உள்ளே போட்டு, ஒரு வார்னிங்கோடு விட்டுவிடும். யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட், மைஎஸ்க்யூஎலின் பழைய "யூடிஎஃப்8" வகையில் அடங்கும். இமோஜி பெரும்பாலும் 4 பைட். தமிழ்க் கருத்தின் நடுவில் ஒரு சிரிப்பு முகம் வந்தால், அதிலிருந்து மீதி வாக்கியம் காணாமல் போகும். லேட்டின்1 வகை நெடுவரிசையில் போட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறி. மூலம் வேறு எங்காவது இருந்தாலொழிய அதை மீட்க முடியாது. 5.7 முதல் ஸ்ட்ரிக்ட் மோட் (பொருந்தாத மதிப்புக்கு எர்ரர் கொடுப்பது) இயல்பாக ஆன். அப்கிரேட் செய்தபோது பழைய ஆப் எர்ரர் கொடுக்கிறது என்று அதை ஆஃப் செய்தவர்கள் நிறைய. உங்கள் எஸ்க்யூஎல்_மோடைப் பாருங்கள். நெடுவரிசையை 4 பைட்டும் கொள்ளும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றிவிட்டு, ஸ்ட்ரிக்டைத் திரும்ப ஆன் செய்யுங்கள்.

மீட்டபின்

ரிப்பேர் ஆன அதே கிளஸ்டரில் தொடராதீர்கள். டம்ப் எடுத்துப் புதிதாக ஏற்றுங்கள். ஏற்றும்போது ஃபாரின் கீ எர்ரர் (ஒரு டேபிள் சுட்டும் வரிசை மற்ற டேபிளில் இல்லை என்ற எர்ரர்) வந்தால், எந்த வரிசைகள் தொலைந்தன என்பதற்கு அதுவே துப்பு. அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டு ஏற்றி முடிக்கும் ஆசையை அடக்குங்கள். பழைய இடத்தில் பிஜி_டம்ப் எர்ரர் இல்லாமல் முடிந்தது என்பதை மட்டும் வைத்து எல்லாம் நலம் என்று எண்ண வேண்டாம், அது டேபிளைப் படிக்கிறது, உங்கள் இன்டெக்ஸ்களைச் சரிபார்ப்பதில்லை. தினசரி பேக்கப்புக்கு பிஜி_பேஸ்பேக்கப் பயன்படுத்தினால், செக்சம் ஆன் ஆக இருக்கும்வரை 11-ஆம் பதிப்பு முதல் அது படிக்கும் பேஜ்களையெல்லாம் சோதித்துச் சொல்லும். யாரும் வருடக்கணக்கில் தொடாத பேஜ்களும் அப்படியாவது ஒரு முறை படிக்கப்படும்.

கடைசியாக கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, மீட்பின்போது ஆன் செய்த ஜீரோ_டேமேஜ்டு_பேஜஸ், இக்னோர்_செக்சம்_ஃபெயிலியர், ஃபோர்ஸ்_ரெக்கவரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிஸ்க்கையும் முதலில் எடுத்த நகலையும் ஒரு மாதக் கணக்கு முடிக்கும் வரை அழிக்காதீர்கள். தொலைந்த வரிசைகளைப் பற்றி முதலில் கேள்வி கேட்கப்போவது பெரும்பாலும் கணக்குப் பிரிவுதான்.